சளி பிடித்த மறுநாள் வரக்காப்பி நிறத்தில் சிறுநீர்

தேவகோட்டையிலிருந்து ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு, காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். பையனுக்கு ஒன்பது வயது. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணே, நேத்துத்தான் சளி புடிச்சுச்சு. இன்னைக்குக் காலையில வரக்காப்பி மாதிரி போறான். வலி எதுவும் இல்லைங்கிறான். அப்பத்தா இது சூடுதான், இளநி குடுங்கன்னு சொல்றாக."

டப்பாவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். பால் ஊற்றாத காப்பியில் கொஞ்சம் தண்ணீர் கலந்த நிறம்தான். சிறுநீரில் நனைத்தால் கட்டங்கள் நிறம் மாறும் பரிசோதனை அட்டையை முக்கி எடுத்தேன். புரதத்துக்கான கட்டம் மஞ்சளிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறியது. ரத்தத்துக்கான கட்டம் சில நொடிகளில் கரும்பச்சை ஆனது. மீதியைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சிவப்பணுக்கள் நிறைய. ஆனால் உருண்டையாக இல்லை. நசுங்கி, ஓரங்களில் காது முளைத்தது போலப் புடைத்திருந்தன. கல் உரசியோ பாதையில் புண் வந்தோ கசியும் ரத்தத்தில் பெரும்பாலும் செல்கள் உருண்டையாகவே இருக்கும். இப்படிச் சிதைந்திருந்தால், சிறுநீரகத்தின் சல்லடைக்குள்ளேயே நெருக்கிப் பிழியப்பட்டு வந்தவை என்று அர்த்தம். ஓரிடத்தில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு நுண்குழாயின் அச்சில் வார்த்த உருளை மாதிரியே கிடந்தன. அதைப் பார்த்ததும் அப்பத்தா சொன்ன சூடு இதுவல்ல என்று தெரிந்துவிட்டது.

சாதாரண வைரஸ் சளிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அம்மா கேட்டார். அன்று கூட்டம் அதிகம், நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் பக்கம் 'கிட்னி வீங்கியிருக்கு' என்று பேசிக்கொள்வது இரண்டு வேறு விஷயங்களை. கல் அடைத்துச் சிறுநீர் தேங்கி, ஸ்கேனில் சிறுநீரகம் உப்பலாகத் தெரிவது ஒன்று. சல்லடையே அழற்சி கண்டு ரத்தமும் புரதமும் கசிவது இன்னொன்று. இரண்டாவதில் பல நேரம் ஸ்கேன் ஒழுங்காகவே இருக்கும். "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று நிம்மதியாகப் போய்விட்டு, கால் வீங்கிய பிறகு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது.

அந்தச் சல்லடையைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய வளவு வீட்டில் மழை பெய்யும்போது முற்றத்தில் நின்றிருந்தால் போதும். நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் இறங்கும். முதல் மழையை வடிய விட்டுவிட்டு, அண்டாவின் வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி மற்றதைப் பிடிப்பார்கள். தூசி மேலே நிற்கும், தெளிந்த நீர் உள்ளே இறங்கும். சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் இப்படித் துணி கட்டிய அண்டாக்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. நெஃப்ரான் என்பார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், அந்தக் குழாய்களின் சுவர்தான் துணி. இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கும் போகிறது. ஒரு நாளைக்கு வடிகட்டப்படுவது 180 லிட்டர் அளவு. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது.

உடம்பில் சுற்றும் எந்தக் குப்பையும் கடைசியில் அந்தத் துணியின் மேல் வந்துதான் ஆக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு வைரஸ் உள்ளே வந்தால் அதற்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. வைரஸின் துணுக்கும் எதிர்ப்பொருளும் ஒட்டிக்கொண்டு சிறு கட்டிகள் ஆகின்றன. பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடும். அளவு மிஞ்சினாலோ, கிருமி ஆண்டுக்கணக்கில் உடம்பிலேயே தங்கிவிட்டாலோ, அந்தக் கட்டிகள் சிறுநீரகத் துணியில் படியும், அல்லது அந்தத் துணியிலேயே உருவாகும். துணியை அடைப்பதோடு அது நிற்பதில்லை. படிந்ததைச் சுத்தம் செய்ய வெள்ளையணுக்கள் வந்து சேரும். வேட்டியில் அப்பிய களிமண்ணை முரட்டுக் கையால் தேய்த்தால் துணி நைந்து கிழியுமா இல்லையா? அதேதான். கிழிசல் வழியாகச் சிவப்பணு இறங்கினால் சிறுநீர் வரக்காப்பி. இழை தளர்ந்து புரதம் இறங்கினால் நுரை. வைரஸால் வரும் சிறுநீரக அழற்சியில் பெரிய பங்கு கிருமி நேரடியாகக் கடித்ததால் வருவதில்லை, நம் உடம்பின் எதிர்ப்பு தன் வேலையைச் செய்யும்போது வருவது. அதனால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் இது நடந்துகொண்டிருக்கிறது. காய்ச்சலோடு எல்லாம் முடிந்தது என்று நாம் எழுந்து வேலைக்குப் போய்விடுகிறோம்.

இனி பையனின் விஷயம். சளி பிடித்து ஒன்றிரண்டு நாளுக்குள் நிறம் மாறினால் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற நோயை. 1968ல் பாரிசில் ழான் பெர்ஜே விவரித்தது. உலகில் மிகப் பரவலாகக் காணும் சல்லடை அழற்சிகளில் இதுவும் ஒன்று. ஐஜிஏ என்பது தொண்டை, மூக்கு, குடல் ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளைக் காக்கும் எதிர்ப்பொருள். சிலருக்கு அந்த ஐஜிஏ-யின் அமைப்பில் ஒரு சிறு குறை. தொண்டையில் வைரஸ் இறங்கியதும் அது அதிகமாகச் சுரக்கும், திரண்டு போய்ச் சிறுநீரகத்தில் படியும். இங்கே வைரஸ் தீ மூட்டுவது மட்டும்தான், விறகு முன்பே அடுக்கியிருந்தது.

அதே வரக்காப்பி நிறம் தொண்டை வலி வந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வந்தால் கதை வேறு. தோலில் சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரம் கழித்து வந்தாலும் அப்படியே. அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா விட்டுச்சென்றது. காலையில் எழும்போது கண்ணிமை உப்பியிருக்கும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். பெரும்பாலான குழந்தைகள் முழுதாகத் தேறிவிடுவார்கள். ஆகவே 'எப்போது சளி பிடித்தது, எப்போது நிறம் மாறியது' என்ற இரண்டு தேதிகள் போதும், டாக்டருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். அம்மாக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆண்டுக்கணக்கில் தங்கும் கிருமிகளில் முதலிடம் ஹெபடைட்டிஸ் பி-க்கு. நாம் அதை மஞ்சள் காமாலைக் கிருமி என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைக் கண்டு 1965ல் அறிவித்தார். பிறகுதான் அது இந்த வைரஸின் மேலுறை என்று தெரிந்தது. 1976ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1971ல், அதே புரதமும் அதற்கான எதிர்ப்பொருளும் சேர்ந்து ஒரு நோயாளியின் சிறுநீரகச் சல்லடையில் படிந்திருந்ததை கோம்ப்ஸ் என்பவரின் குழு காட்டிவிட்டது. கல்லீரலில் குடியிருக்கும் கிருமி சிறுநீரகத்தில் குப்பை கொட்டுகிறது என்பது அன்று புதுச் செய்தி.

பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அப்படித் தங்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். 1984ல் தைவான் குழந்தைகளுக்குப் பரவலாக இந்தத் தடுப்பூசியைத் தொடங்கியது. கல்லீரல் புற்று குறைந்தது எல்லாருக்கும் தெரியும். குழந்தைகளிடம் இந்த வைரஸால் வரும் சிறுநீரக நோயும் கூடவே குறைந்தது. கல்லீரலுக்குப் போட்ட ஊசி சிறுநீரகத்தையும் காத்தது என்பதை நான் யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்படுகிறார்கள். இந்தியாவில் 2002 வாக்கில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2011 வாக்கில் நாடு முழுதும் வந்துவிட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள், அதாவது இன்று வேலைக்குப் போகிற, கல்யாணம் ஆகிற வயதில் இருப்பவர்களில் பலர், போடாதவர்கள்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேட்க நியாயமும் உண்டு. 1988ல் சென்னையில் எஸ்.பி.தியாகராஜன் குழு, மேலே சொன்ன அதே பிளம்பெர்க்கும் சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி தங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குப் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் மண்ணின் செடி ஜெயித்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். இன்றைக்குச் சிறுநீரில் புரதம் போகிற ஒருவர் கீழாநெல்லியை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தினால், அந்த மாதங்கள் திரும்ப வரா. வைரஸை அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. இன்னொன்று: கிட்னி அழற்சிக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை அவசியம். வைரஸ் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது கட்டவிழ்ந்து பெருகும்.

ஹெபடைட்டிஸ் சி செய்வது இன்னும் விசித்திரம். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கிறதே, அதுபோல, இந்த வைரஸ் உள்ளவர்கள் சிலரின் ரத்தத்தில் குளிர்ந்தால் திரளும் புரதங்கள் உருவாகின்றன. கிரையோகுளோபுலின் என்று பெயர். இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தால் உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி, மாறாமல் ஆய்வகம் சேர வேண்டும். வழியில் ஆறிவிட்டால் புரதம் குழாயிலேயே திரண்டுபோய், முடிவு பொய்யாக 'இல்லை' என்று வரும். இந்தப் புரதங்கள் சிறுநீரகச் சல்லடையை அடைக்கும், காலில் செம்புள்ளிகள் எழும்பும், மூட்டு வலிக்கும். வைரஸ் 1989ல் அடையாளம் காணப்பட்டது, கண்டவர்களுக்கு 2020ல் நோபல். ஒரு காலத்தில் ஊசியும் காய்ச்சலுமாக ஓராண்டு அவதிப்பட்ட நோயாளிகள், இன்று பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூறில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் இந்த மாத்திரை இலவசம். குணமாக்கக்கூடிய வைரஸ் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க, தேடிப் பார்க்காமல் விடுவது எனக்குத் தாங்காது.

நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்கும் வைரஸ்களும் உண்டு. கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000 பேருக்கு மேல் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீர் நின்றுபோதல் என்று விழுந்தார்கள். காரணம் தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 1970-களில் லீ ஹோ-வாங், ஹன்டான் ஆற்றுப் பக்கத்து வயலெலிகளிடம் அந்தக் கிருமியைப் பிடித்தார், ஹன்டா வைரஸ் என்று பெயர் வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தின் ஒரு வைரஸ் அதற்கு முன்பே, 1964லேயே, நம் வேலூரில் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. எந்தக் குடும்பம் என்றுதான் அப்போது தெரியவில்லை. இன்றும் அதன் பெயர் தோட்டப்பாளையம் வைரஸ். பிள்ளையார்பட்டியில் பிள்ளையாரைக் கும்பிடும் ஊர்க்காரன் என்பதால் அவர் வாகனத்தின் பெயரைப் பழிக்க மனம் வரவில்லை. பழிக்கவும் தேவையில்லை, அந்த வைரஸ் மனிதருக்கு நோய் தருவதாக நிரூபிக்கப்படவில்லை. மழைக்காலத்தில் நம் ஊரில் காய்ச்சலோடு சிறுநீர் குறைந்தால் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சலை. எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் கால் வைப்பதால் வரும் அது பாக்டீரியா நோய், நேரத்தோடு மருந்து கொடுத்தால் கேட்கும்.

டெங்குவில் வீட்டார் என்னிடம் கேட்பதெல்லாம் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை. காலையில் எத்தனை, சாயங்காலம் எத்தனை என்று ஃபோன் வந்துகொண்டே இருக்கும். சிறுநீர் எத்தனை முறை போனார் என்று ஒருவரும் சொல்வதில்லை. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சிலருக்குச் சல்லடையும் பாதித்துப் புரதம் போகிறது. அந்த நேரத்தில் உடம்பு வலிக்கு என்று கடையில் டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிப் போட்டால், சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் வாசலையே நெரிப்பது மாதிரி. ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும். பாராசிட்டமால் மட்டும், சொன்ன அளவில் மட்டும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முற்றத்து அண்டாவிலும் தொட்டியிலும் மழைநீர் தெளிவாக நிற்கிறது. ஏடிஸ் கொசுவுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், சாமிக்கு விளக்கேற்றும்போது அதையும் கவிழ்க்கச் சொல்லிவிட்டால் நல்லது.

கொரோனாவும் எச்.ஐ.வி.யும் சிலருக்குச் சல்லடையே மடிந்து சுருங்கும் வகை அழற்சியை உண்டாக்குகின்றன. அதற்கு ஆளாவோரில் பெரும்பாலானோர் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் காணும் ஒரு மரபணு மாறுபாடு உள்ளவர்கள், நம்மிடம் அது அரிது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு பிகே வைரஸ் என்ற தனிக் கவலை உண்டு. 1971ல் லண்டனில் ஒரு நோயாளியிடம் கண்டு, அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். அதே ஆண்டில்தான் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே இந்த வைரஸ் வந்து, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் உறங்குகிறது. மாற்று உறுப்பைக் காக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும்போது விழித்துக்கொள்கிறது. அதனால் மாற்றுச் செய்தவர்கள் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாதப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, வீட்டில் எதைக் கவனிப்பது? சிறுநீர் தேநீர், வரக்காப்பி, கோலா நிறத்துக்கு மாறுவது. கழிவறையில் கலையாமல் நிற்கும் நுரை. காலையில் உப்பிய கண்ணிமை, மாலையில் கொலுசு அழுந்தும் கணுக்கால். சிறுநீர் குறைவது. இளவயதில் ஏறிய ரத்த அழுத்தம். இதில் எதுவும் வலிக்காது, ஏமாறுவது அதனால்தான். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் கழித்து ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, குறிப்பாக முகம் வீங்கிய குழந்தைகளுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், நான் விடாமல் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணாடிக் குழாயின் மேல்பகுதியைத் தீயில் காட்டி, கலங்குகிறதா என்று பார்த்து, அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டும் கலங்கல் போகாவிட்டால் புரதம் என்று எழுதுவோம். இப்போது அட்டை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். அட்டையில் புரதம் ஒருமுறை தெரிந்தால் பதற வேண்டாம். காய்ச்சலின்போது கொஞ்சம் புரதம் போவது சகஜம். காய்ச்சல் போன பிறகும் தெரிந்தால்தான் அடுத்த கட்டம்: புரதத்தை அளவிட்டுப் பார்ப்பது, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள், தேவைப்பட்டால் ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு நூலளவு சதை எடுத்துப் பார்ப்பது. அந்தப் பயாப்ஸி என்றதும் புற்றுநோய் என்று நினைத்து அழுதுவிடுகிறார்கள். இங்கே அது சல்லடையில் படிந்திருப்பது என்ன என்று பார்க்கும் வழி, அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி நம் ஊரில் பேசுவது கஷ்டம். உப்புக்கண்டம், மோர்மிளகாய், வடகம், அப்பளம், மாவடு என்று உப்பில் காத்த உணவுகளோடு வளர்ந்த நாக்கு. அழற்சி இருக்கும்போது உப்பு உடம்பில் நீரைப் பிடித்துவைக்கும், அழுத்தத்தை ஏற்றும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, ஐந்து கிராமுக்குள், என்பது எல்லாருக்குமான அளவு. குழம்பில் மட்டும் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்தால் கணக்கு சரியாகாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் குறைந்திருப்பவருக்குக் குளிர்ச்சி என்று கொடுப்பது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அன்று அப்பத்தாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா தயங்கினார். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பையனை அவர்கள் டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். அடுத்தடுத்த சளிகளிலும் இப்படியே நடந்து, புரதமும் நிற்காமல் போகவே பயாப்ஸி எடுத்தார்கள். ஐஜிஏதான். அழுத்தத்தைக் குறைத்துப் புரதக் கசிவையும் அடக்கும் மாத்திரை ஒன்று, உப்புக் குறைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. வலி மாத்திரைகளை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

போன வாரம் வந்தான். இப்போது பன்னிரண்டு வயது, டப்பாவில் தேதியை அவனே எழுதியிருந்தான். கூட ஒரு நோட்டு: எந்தத் தேதியில் சளி, எந்தத் தேதியில் நிறம் மாறியது என்று அம்மா குறித்தது. "அண்ணே, இந்தத் தடவை நிறம் மாறல" என்றார் கூட வந்த அம்மா. அட்டையை முக்கினேன். புரதக் கட்டம் மஞ்சளாகவே நின்றது. ரத்தக் கட்டத்தில் மட்டும் இரண்டு மூன்று பச்சைப் புள்ளிகள். அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.